எதோட பிழைப்பு கஷ்டம், கடலாமையா, ஹம்மிங்பேர்டா? பார்த்தவங்க சொல்லுங்க

ஆற்காட்டான்
வயலூர்ல, அதாவது நம்ம பாலாறு கடல்ல கலக்கிற இடத்துல, ராத்திரி பங்குனி ஆமைங்கிற கடலாமை முட்டை போட்டதைத்தான் மறக்க முடியல. பின் துடுப்பு ரெண்டும் மாத்தி மாத்தி இறங்குது. நுனி குவிஞ்சு மண்ணை அள்ளுது, ஓரம் சரியாம வெளியே வைக்குது. ஒன்றரை அடி ஆழம், வாய் குறுகி அடி அகன்ற பானை மாதிரிக் குழி. நூறு முட்டைக்கு மேல. மூடிட்டு, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மண்ணைத் தட்டி இறுக்கிட்டு, கடலைப் பார்த்துப் போயிடுச்சு. அந்தரத்துல நின்னு பூந்தேன் குடிக்கிற குட்டிப் பறவை ஹம்மிங்பேர்டு, அது போடறதே ரெண்டு முட்டை. கூடு, அடை, தீனி எல்லாம் தாய் ஒருத்திதான். எது கஷ்டமான பிழைப்பு?

காட்பாடி கண்ணாடி
ஹம்மிங்பேர்டு காட்பாடியிலயே இருக்கே! சாயங்காலம் இருட்டற நேரம், மல்லிகைப் பந்தல்ல. அந்தரத்துல நின்னு பூவுக்குள்ள மூக்கை விட்டுச்சு. இறக்கையே கண்ணுக்குத் தெரியல.

ஏலகிரி சிட்டு
சார், அது ஹாக்மாத் அந்துப்பூச்சி. தலையில ரெண்டு உணர்கொம்பு இருந்திருக்கும். நீங்க மூக்குன்னு சொல்றது சுருட்டி வைக்கிற உறிஞ்சுகுழல். ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே எங்கயும் கிடையாது. பகல்ல செம்பருத்தியில வர்றது தேன்சிட்டு. அதுவும் கொஞ்ச நேரம் படபடன்னு நிக்கும், ஆனா பெரும்பாலும் காம்புல உட்கார்ந்துதான் குடிக்கும். ஹம்மிங்பேர்டுக்கு தோள்மூட்டு அப்படியே திரும்புறதால, இறக்கை மேலே போறப்பவும் உடம்பைத் தாங்கும். செங்கழுத்து வகை 3 கிராம்தான், நொடிக்கு 50 தடவை அடிக்கும். அந்தச் செலவுக்குப் பகல் பூரா தின்னணும். குளிர் ராத்திரியில உடம்புச் சூட்டைப் பாதியாகக்கூடக் குறைச்சு, செத்த மாதிரிக் கிடந்து மிச்சம் பிடிக்கும். ஆற்காட்டான் அண்ணே, கஷ்டம் இதுக்குத்தான்.

குடியாத்தம் தோட்டம்
தேன்சிட்டு வரும்னு ஆன்லைன்ல ஹம்மிங்பேர்டு பாட்டில், அதாவது சர்க்கரைத் தண்ணி ஊத்தித் தொங்கவிடற பாட்டில், வாங்கி மாட்டறவங்களுக்கு ஒண்ணு. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணி. வெல்லம், தேன், சிவப்புச் சாயம் எதுவும் வேண்டாம். தேன் கலந்தா பூஞ்சை பிடிக்கும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல ஒரே நாள்ல புளிச்சிடும், தினமும் கொட்டிக் கழுவணும். உட்கார ஒரு குச்சி கட்டலன்னா தேன்சிட்டு திரும்பிக்கூடப் பார்க்காது. கட்டினாலும் எறும்புதான் முதல்ல வரும். என்னைக் கேட்டா பாட்டிலே வேண்டாம். செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை வைங்க. சுவர் மூலையில இருக்கற நூலாம்படையை விட்டு வைங்க, கூடு பின்ன தேன்சிட்டு அதைத்தான் எடுக்கும். துணிக்கொடியில கூடு தொங்கினா கொடியைக் கழட்டாதீங்க. இடம் மாத்தினா தாய் விட்டுட்டுப் போயிடலாம்.

காட்பாடி கண்ணாடி
பாட்டில் யாரும் கேட்கலையே! ஆமை முட்டை நாலு எடுத்து வந்து மணல் தொட்டியில வெச்சா பொரியுமா?

ஆற்காட்டான்
தொடவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, ஜெயில் கேஸ். எடுத்தாலும் பொரியாது. போட்ட சில மணி நேரத்துல கரு ஓட்டோட உள்பக்கம் ஒட்டிக்கும். அப்புறம் உருட்டினா அறுந்துடும். அதனாலதான் முட்டையைக் காத்துப் பொரிக்க வைக்கிற பொரிப்பகத்துக்காரங்க அன்னிக்கு ராத்திரியே, திருப்பாம மாத்தறாங்க. ஏழு வாரம் ஆகும். மண் சூடு ஏறினா பெண் குஞ்சு, இறங்கினா ஆண். கூடு கண்ணுல பட்டா டார்ச், ஃபிளாஷ் அடிக்காம வனத்துறைக்குச் சொல்லுங்க.