நினைவு உலோகத்துக்கு நாமே எழுதிய பொருள் மாதிரி: இன்னும் மனதை விடாத ஒரு சம்பவம் (மன்ற உரையாடல்)

கம்பிச்சுருள்

ஸ்டென்ட்டை (இரத்தக் குழாய்க்குள் வைக்கும் வலைக்குழாயை) நசுக்கிப் பார்க்கும் கணினிக் கணக்கு. நினைவு உலோகமான நிட்டினாலுக்கு, அபாகஸ் என்ற கணக்கீட்டு மென்பொருளில் ஆயத்த மாதிரி உண்டு என்பது தெரியும். சூடாக்கினால் மீளும் பகுதியும் எங்களுக்கு வேண்டியிருந்ததால் லகூடாஸ் என்ற ஆய்வாளரின் வகை மாதிரியை யூமேட்டாக, அதாவது அபாகஸ் அழைக்கும் ஃபோர்ட்ரான் துணைநிரலாக, எழுதினேன். ஒற்றை உறுப்பு, 6 சதவீத இழுப்பு. 500 மெகாபாஸ்கலை ஒட்டிப் படுக்க வேண்டிய தகைவு வளைவு, ஆணி அடித்ததுபோல் நேர்கோடாக 3,600 வரை ஏறியது.

இரண்டு வாரம் போனது. கடினமாதல் சார்பைக் கையால் மூன்று முறை வகையிட்டேன். தொடுகோட்டு அணியைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினேன்.

முதல் வாரத்திலேயே, பயிற்சிக்கு வந்திருந்த மாணவி திரையைப் பார்த்து, "சார், மற்ற எண்களெல்லாம் புள்ளியோடு இருக்கின்றன. மார்ட்டென்சைட் பின்னம் மட்டும் வெறும் 0 என்று இருக்கிறதே?" என்று கேட்டாள். இழுக்கும்போது உலோகம் ஆஸ்டெனைட் நிலையிலிருந்து மார்ட்டென்சைட் நிலைக்கு மாறிய பங்குதான் அந்தப் பின்னம். அச்சாகும் விதம் அப்படித்தான், போய் வேறு வேலையைப் பார் என்றேன்.

பதினான்காம் நாள் அதே வரி என் கண்ணிலும் பட்டது. பின்னத்தை வைத்திருந்த மாறியின் பெயர் எம்விஎஃப். எம்மில் தொடங்கும் பெயர். வகையை அறிவிக்காமல் விட்டிருந்தேன், அந்த முதல் எழுத்தை வைத்து ஃபோர்ட்ரான் அதை முழு எண்ணாக்கிவிட்டது. 0.03 கூட்டினாலும் 0, 0.4 கூட்டினாலும் 0. பின்னத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தும் உள்சுற்று, தன் எண்ணிக்கை வரம்பை எட்டி ஓசையில்லாமல் வெளியேறிக்கொண்டிருந்தது. அதற்குள் அவளுடைய பயிற்சிக்காலம் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். போன இரண்டு வாரத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவளுக்கு நான் சொன்ன பதில்தான் உறுத்துகிறது.

எழுபத்திரண்டாம்பத்தி

மாணவி பக்கம்தான் நியாயம். எனக்கு நடந்தது இதன் உடன்பிறப்பு: பழைய ஃபோர்ட்ரான் வடிவத்தில் 72ஆம் பத்திக்கு அப்பால் உள்ளது படிக்கப்படாது; என் வரி அதைத் தாண்டியதால் சமன்பாட்டின் கடைசி உறுப்பு வெட்டுப்பட்டுப் போனது, மிச்சமிருந்ததும் இலக்கணப்படி சரியான கோவை, கம்பைலர் ஒரு சொல் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் கம்பிச்சுருள், பெயரை மாற்றியதோடு நிறுத்திவிட்டீர்கள் என்றால் அது போதாது. யூமேட்டின் தலையில் சேர்க்கும் அபாகஸின் இன்க்ளூட் கோப்பிலேயே, மற்ற எழுத்துகளில் தொடங்கும் பெயர்களை மட்டும் மெய்யெண்ணாக்கி, ஐ முதல் என் வரை தொடங்குபவற்றை ஃபோர்ட்ரானின் இயல்புப்படி முழு எண்ணாக விட்டுவிடும் விதி உட்கார்ந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு, இம்ப்ளிசிட் நன் (அறிவிக்காத பெயரை ஏற்காதே என்ற கட்டளை) போட்டு, ஒவ்வொரு மாறியையும் நீங்களே அறிவியுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் மோதும். அடுத்து, யூமேட்டை அபாகஸுக்குள் வைத்துச் சோதிக்காதீர்கள். அதை அழைக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதுங்கள். இழுங்கள், விடுங்கள், பாதியில் விட்டு மறுபடி இழுங்கள், பூஜ்யத் திரிபு கொடுங்கள். பின்னம் பூஜ்யத்துக்குத் திரும்பும் இடத்தில் மீள்மாற்றத் திசையைக் கணக்கிட அதே பின்னத்தால் வகுப்பீர்கள். அங்கேதான் எண்ணல்லாத ஒன்று பிறக்கும். பிறகு ஒவ்வொரு திரிபுக் கூறையும் துளி அசைத்து, தகைவு எவ்வளவு மாறுகிறது என்று எடுத்து, யூமேட் திருப்பித் தரும் தொடுகோட்டு அணியான டிடிஎஸ்டிடிஇயோடு கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிடுங்கள். வெட்டுத் திரிபு இங்கே பொறியியல் திரிபு, அதாவது இரட்டிப்பு. அபாகஸின் எக்ஸ்ப்ளிசிட் பிரிவுக்கான வீயூமேட்டில் அப்படி இல்லை. உள்சுற்று ஒருங்காவிட்டால் படியின் அளவைச் சொல்லும் மாறியான பிஎன்யூடிடியைக் குறைத்துப் படியைச் சிறிதாக்கச் சொல்லுங்கள், செய்திக் கோப்பில் ஒரு வரியும் எழுதுங்கள். ஓசையில்லாமல் வெளியேறும் சுற்றை யாரும் எழுதக் கூடாது.

நீர்த்தொட்டி

கம்பைலர் சங்கதிகளையே பேசுகிறீர்கள். என்னுடைய நிரலில் பிழை எதுவும் இல்லை.

கம்பியை இழுத்துப் பார்த்த அறையில் 24 டிகிரி. கருவி வேலை செய்வது உடல் சூட்டில், 37இல். மாறிலிப் பட்டியலில் சோதனை வெப்பநிலை கேட்கும் இடத்தில் 37 என்று எழுதிவிட்டேன். நிட்டினால் நிலை மாறத் தேவையான தகைவு ஒரு டிகிரிக்கு ஆறேழு மெகாபாஸ்கல் ஏறும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். 13 டிகிரிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்மாதிரியை 37 டிகிரி நீரில் இருந்த சிலிகோன் குழாய்க்குள் விடுவித்தோம். என் கணக்குப்படி குழாய்ச் சுவரை மெல்லத் தொட்டு நிற்க வேண்டும். குழாய் எங்கள் கண் முன்னால் பூசணிக்காய் போலப் புடைத்தது. உறையிடும் கருவியைப் பிடித்திருந்த மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

நான்குகோர்

எழுபத்திரண்டாம்பத்தி அவர்களே, தனி நிரலில் சோதித்தால் போதும் என்பதை ஏற்க மாட்டேன். நானும் அப்படித்தான் சோதித்தேன், எல்லாம் அழகாக வந்தது. உங்கள் நிரல் பின்வாங்குவதே இல்லை; அபாகஸ் பின்வாங்கும், அதாவது தோற்ற படியை விட்டுவிட்டுச் சிறிய படியோடு மறுபடி முயலும். ஒரே படிக்கு யூமேட்டைப் பலமுறை அழைக்கும், ஒவ்வொரு முறையும் நிலை மாறிகளைப் படியின் தொடக்க மதிப்புக்குத் திருப்பிவிட்டு அழைக்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்ற கொடியை நான் சேவ் மாறியில் (அழைப்புகளுக்கு இடையே மதிப்பை விடாமல் வைத்திருக்கும் மாறியில்) வைத்திருந்தேன். அதை யாரும் திருப்பவில்லை. அதைவிட மோசம், உறுப்புகளுக்குள் தகைவைக் கணக்கிடும் எல்லா ஒருங்கிணைப்புப் புள்ளிகளுக்கும் அந்த ஒரே கொடிதான். ஒற்றைப் புள்ளி உறுப்பில் இது தெரியவே தெரியாது.

சுருள்வில் படத்தில் சிவப்புப் பட்டையின் நடுவே ஒரே ஓர் உறுப்பு நீலமாக இருந்தது. சுற்றிலும் முழு மார்ட்டென்சைட், அது மட்டும் ஆஸ்டெனைட். கணினிச் செயலியின் நான்கு கோரில் மறுபடி ஓட்டினேன். நீலம் வேறோர் உறுப்புக்கு நகர்ந்திருந்தது. உள்ளீட்டில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

முறுக்குக்கம்பி

தனி நிரலில் நான் செய்யத் தவறியது கலப்புச் சுமை. ஆன்சிஸ் என்ற வேறொரு மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்த மாதிரியை அபாகஸுக்குக் கொண்டுவந்தேன். அங்கே தகைவின் ஆறு கூறுகளில் ஐந்தாவது 23 (இரண்டாம், மூன்றாம் அச்சுகளுக்கிடையே உள்ள வெட்டு), ஆறாவது 13. இங்கே தலைகீழ். எல்லாக் கூறுகளையும் ஒரே எண்ணாக்கும் மைசஸ் தகைவுக்கு இது தெரியாது, எப்படிக் கூட்டினாலும் ஒன்றுதான். ஆனால் இழுப்புக்கும் அழுத்தத்துக்கும் வேறுபாடு காட்ட தகைவின் மூன்றாம் மாற்றமிலியை (அச்சுகளைத் திருப்பினாலும் மாறாத எண்ணை) சேர்த்திருந்தேன், அதற்குத் தெரியும். இழுத்தால் சரி, அழுத்தினால் சரி. கம்பியை முதல் அச்சில் படுக்க வைத்து, இழுத்தபடி முறுக்கினேன். குறுக்குவெட்டில் ஒரே சீரான வளையமாக வர வேண்டிய மார்ட்டென்சைட், எதிரெதிரே இரண்டு இடங்களில் மெலிந்திருந்தது. வட்டக் கம்பிக்குப் பக்கம் ஏது? வலையமைப்பின் குறை என்று அறிக்கையில் எழுதி அனுப்பியும்விட்டேன். திருத்தம் அனுப்ப நான்கு மாதம் ஆனது.

கம்பிச்சுருள்

சுற்று வரம்பில் செய்தி எழுத வைத்துப் பழைய நிரலை அப்படியே ஓட்டினேன். பதினோராம் படியிலேயே செய்தி வந்துவிட்டது. நன்றி. புள்ளியில்லாத 0 இருந்த பழைய வரியையும் 0.0312 என்று வந்த புதிய வரியையும் அந்த மாணவிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அன்று நீ கேட்டதுதான் சரி என்று எழுதினேன்.

நான்குகோர், அந்தக் கொடியை நிலை மாறியாக்கிய பிறகு, படி பாதியாக வெட்டுப்படும்போது ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவது நின்றதா? என்னுடையதில் இன்னும் இரண்டு உறுப்புகள் அப்படி ஆடுகின்றன.