வடக்கு நாடுகளின் குளிர்காலத்தைக் கடல் தீர்மானிக்கிறதா? எல் நினோ, அட்லாண்டிக், நம்ம ஐப்பசி மழை

வைகை வடகரை:
புரட்டாசி பிறந்தா ரெண்டு செய்தி சேர்ந்தே வருது. எல் நினோ வந்தா கனடாவுலயும் அமெரிக்காவோட வட மாநிலங்கள்லயும் குளிர் குறையும்ங்கிறது ஒண்ணு. தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவமழை நல்லா பெய்யும்ங்கிறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஆதாரம் ஒரே கடல் பரப்புதான். நடு பசிபிக்ல நிலநடுக்கோட்டுக்கு வடக்கயும் தெற்கயும் 5 டிகிரி, மேற்குத் தீர்க்கரேகை 120ல இருந்து 170 வரைக்கும். நினோ 3.4ன்னு சொல்றது இதைத்தான். அங்க கடல் மேல்நீர்ச் சூட்டோட மூணு மாச சராசரி வழக்கத்தைவிட 0.5 டிகிரி கூடி, தொடர்ந்து அஞ்சு முறை அப்படியே நின்னா எல் நினோ. அதே அளவு குறைஞ்சு நின்னா லா நினா.

என் வாதம் இது: குளிர்காலத்தை மூணு மாசம் முன்னாடியே சொல்லணும்னா கடல் சூட்டை விட்டா வேற பிடிமானம் கிடையாது. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல வான் உச்சி வரைக்கும் நிக்கிற மொத்தக் காத்தையும் 1 டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேணுமோ, அவ்வளவும் 2.5 மீட்டர் ஆழக் கடல்நீரை 1 டிகிரி சூடாக்கவே செலவாகிடும். காத்தோட பழைய நிலை ரெண்டு வாரத்துல அழிஞ்சிடும். கடல் மாசக்கணக்குல வச்சிருக்கும். மறுக்கிறவங்க எண்களோட வாங்க.

சமஅழுத்தக் கோடு:
எண்களோடே வருகிறேன். 1997-98, 2015-16 இரண்டும் ஏறத்தாழ ஒரே வலிமையுள்ள எல் நினோக்கள். முதலாவதில் தெற்குக் கலிபோர்னியா வெள்ளத்தில் மூழ்கியது. இரண்டாவதில் அங்கே எல்லோரும் மழைக்குத் தயாராக இருந்தும் மழை ஏமாற்றியது. நீங்கள் சொல்லும் நினோ 3.4 எண்ணை மட்டும் வைத்து இந்த இரண்டு ஆண்டுகளையும் பிரித்துக் காட்ட முடியுமா?

இன்னொன்று, டெக்சாஸ். லா நினா குளிர்காலம் என்றால் அங்கே வெதுவெதுப்பாகவும் வறண்டும் இருக்க வேண்டும். 2020-21 லா நினாதான். 2021 பிப்ரவரியில் மாநிலமே உறைந்து மின்சாரம் நின்றுபோனது. அதற்கு முந்தைய ஜனவரித் தொடக்கத்தில் துருவத்துக்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற மேல்வான அடுக்கு திடீரென்று சூடாகி, குளிர்காற்றைத் துருவத்தைச் சுற்றி அடைத்து வைக்கும் துருவச் சுழல் குலைந்திருந்தது. அந்தக் குலைவுக்கும் டெக்சாஸ் குளிருக்கும் எவ்வளவு நேரடித் தொடர்பு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பசிபிக்கின் வெப்பநிலைப் படத்தைப் பார்த்து எவரும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

உப்புக்காற்று:
வடகரைத் தம்பி, வழக்கத்தைவிட எவ்வளவு கூட என்று காட்டும் வண்ணப் படத்தை மட்டும் பார்த்தால் கோடு சார் சொல்லும் குழியில்தான் விழுவீர்கள். வானத்துக்கு வேண்டியது வித்தியாசம் அல்ல, நீரின் உண்மையான வெப்பநிலை. வெப்பமண்டலக் கடலில் சுமார் 27.5 முதல் 28 டிகிரியைத் தாண்டினால்தான் 12 கிலோமீட்டருக்கு மேல் எழும்பும் இடிமேகக் கூட்டம் நிலையாக உருவாகும். 24 டிகிரி நீர் 26 ஆனால் படத்தில் அடர் சிவப்பாகத் தெரியும், வானத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. 27.5 இருந்த இடம் 28.5 ஆனால் படத்தில் வெளிர் நிறம்தான், ஆனால் மேகக் கூட்டமே இடம்பெயரும்.

அங்கிருந்து வடக்கே போகும் வழி இது. நீராவி குளிர்ந்து மழையாகும்போது விடும் வெப்பம் மேல்வானக் காற்றைப் பிதுக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் ஓர் அலை கிளம்பி வட பசிபிக், கனடா, தென்கிழக்கு அமெரிக்கா என்று வளைகிறது. எல் நினோவில் அலாஸ்காவுக்குத் தெற்கே உள்ள அலூசியன் தாழ்வழுத்தம் ஆழமாகிறது, மேல்வானத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்று தெற்காக நீள்கிறது, கனடாவுக்குள் துருவக் காற்றுக்குப் பதில் பசிபிக் காற்று நுழைகிறது. அலை எங்கே மேடாகும் எங்கே பள்ளமாகும் என்பது மேகக் கூட்டம் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 1997இல் சூடு தென் அமெரிக்கக் கரை வரை கிழக்கே பரவியிருந்தது. 2015இல் நடுவில்தான் அதிகம், கிழக்குக் கோடியில் குறைவு. கலிபோர்னியா விஷயத்தில் இது ஒரு பங்கு காரணம். முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன், மீதி காற்றின் சொந்த ஆட்டம்.

வைகை வடகரை:
அக்கா சொன்னதை ஏத்துக்கிறேன், ஆனா அதுவும் கடல் சூடுதானே? எண்ணை மட்டும் பார்க்காம இடத்தையும் பாருங்கன்னு சொல்றீங்க. கோடு சார், அட்லாண்டிக்குக்கு வருவோம். லண்டன் இருக்கிறது வட அட்சம் 51.5. அதே அட்சத்துல எதிர்க்கரை லாப்ரடார் பனிக்காலம் முழுக்க உறைஞ்சு கிடக்கு. தெற்குல இருந்து சூடான நீரைக் கொண்டுவர்ற கல்ஃப் நீரோட்டம் இல்லாம இந்த வித்தியாசம் எப்படி வரும்?

சமஅழுத்தக் கோடு:
கல்ஃப் நீரோட்டம்தான் ஐரோப்பாவை வெதுவெதுப்பாக வைக்கிறது என்று 1855இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ மோரி எழுதியதைப் பாடப்புத்தகங்கள் இன்னும் திருப்பிச் சொல்கின்றன. 2002இல் காலநிலை ஆய்வாளர் ரிச்சர்ட் சீகர் குழுவினர் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒப்பிட வேண்டியது அட்லாண்டிக்கின் இரு கரைகளை மட்டுமல்ல, பசிபிக்கின் இரு கரைகளையும்தான். கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் 49 டிகிரியில் இருக்கிறது, ஜனவரி சராசரி உறைநிலைக்கு மேல் 4 டிகிரி அளவு. எதிரே ரஷ்யக் கரையில் விளாடிவாஸ்டாக் அதைவிடத் தெற்கே 43 டிகிரியில், ஜனவரி சராசரி உறைநிலைக்குக் கீழே 12 அளவு. வட பசிபிக்கில் அட்லாண்டிக்கைப் போல ஆழம்வரை புரளும் சுழற்சி இல்லை. ஆனாலும் வித்தியாசம் அங்கேயும் இருக்கிறது.

இரண்டு கண்டங்களிலும் மேற்குக் கரைக்குக் கடல் காற்றும் கிழக்குக் கரைக்கு நிலக் காற்றும் வருகிறது, காரணம் அதுதான். ராக்கி மலைத்தொடர் மேலைக் காற்றை வளைத்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வடமேற்குக் குளிரையும் ஐரோப்பாவுக்குத் தென்மேற்கு வெதுவெதுப்பையும் அனுப்புகிறது. கோடையில் அந்தந்தக் கடல் சேர்த்த வெப்பமே குளிர்காலத்தில் வெளியேறுகிறது. நீரோட்டம் தெற்கிலிருந்து சுமந்து வருவதன் பங்கு சில டிகிரி மட்டுமே, அதுவும் இரு கரைக்கும் சேர்த்து.

உப்புக்காற்று:
நார்வேயின் வட கோடியை சீகர் குழுவே விதிவிலக்காகச் சொன்னது. அங்கே நீரோட்டம் கடற்பனியை ஒதுக்கி வைக்கிறது. பக்கத்தில் வட அட்சம் 69இல் இருக்கும் ரஷ்யாவின் முர்மான்ஸ்க் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. தவிர, கல்ஃப் நீரோட்டத்தின் விளிம்பில் சூடான நீரும் குளிர்ந்த நீரும் ஒட்டி ஓடும் இடத்தில்தான் அட்லாண்டிக் புயல்கள் கொழுக்கின்றன. அந்தப் புயல்களே ஐரோப்பாவுக்கு வெதுவெதுப்பைக் கொண்டுபோகின்றன. ஆகவே 'காற்றா, கடலா' என்று முழுதாகப் பிரிக்க முடியாது என்ற எதிர்வாதமும் பின்னால் வலுவாக வந்தது. கோடு சார் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார்.

இன்னொரு தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது. ஆகஸ்ட்டில் வட அட்லாண்டிக் படம் செக்கச்சிவப்பாக இருந்தால் 'ஐரோப்பாவில் குளிர் இருக்காது' என்று எழுதுகிறார்கள். கோடையில் அந்தச் சூடு மேல் 20 முதல் 40 மீட்டர் படலத்தில்தான் இருக்கும். அக்டோபரில் முதல் பெரிய புயல் கலக்கியதும் கீழே உள்ள குளிர்நீரோடு சேர்ந்து நீர்த்துப்போகும்.

கணக்கு இது: 100 மீட்டர் ஆழம் 1 டிகிரி கூடுதலாக இருந்து, அது 90 நாளில் வெளியேறினால் சதுர மீட்டருக்கு 53 வாட் அளவு கிடைக்கும். வெறும் 20 மீட்டர் என்றால் 10, 11 வாட். கல்ஃப் நீரோட்டத்தின் மேல் குளிர்காலத்தில் கடல் இழக்கும் வெப்பம் பல நூறு வாட், அதன் முன் இது ஒன்றுமே இல்லை. மேற்பரப்பு நிறத்தை விடுங்கள், ஆழத்தைப் பாருங்கள். போன குளிர்காலத்தில் ஆழத்துக்கு இறங்கிய சூடு கோடையில் மேல்படலத்துக்கு அடியில் ஒளிந்திருந்து, அடுத்த குளிர்காலக் கலக்கலில் மேலே வருவதும் உண்டு. வண்ணப் படத்தில் அது தெரியவே தெரியாது.

வைகை வடகரை:
ஆழக் கணக்கு எனக்குப் புதுசு, நன்றி அக்கா. இதே வரிசையில இன்னொண்ணையும் சேர்க்கணும்: சூடான நீர்னா குளிர் குறையும், பனி குறையும்னு நினைக்கிறதே தப்பு. அமெரிக்காவோட பெரிய ஏரிகள்ல, தண்ணீர் மட்டத்துக்கும் 1.5 கிலோமீட்டர் உயரக் காத்துக்கும் 13 டிகிரி வித்தியாசம் வந்தா ஏரிப் பனிப்பொழிவு ஆரம்பிக்கும்ங்கிறது அங்க வானிலை ஆட்கள் வச்சிருக்கிற அளவு. நவம்பர்ல ஏரி சூடா இருந்தா பனி இன்னும் அதிகமா கொட்டும். ஆழம் குறைஞ்ச ஈரி ஏரி உறைஞ்சதும்தான் அடங்கும். ஜப்பான்ல நீகாட்டா பக்கம் மலை மலையா பனி விழறதுக்கும் இதேதான் காரணம்: சைபீரியக் குளிர்காத்து சூடான ஜப்பான் கடலைத் தாண்டி வருது.

சமஅழுத்தக் கோடு:
அது சரியான திருத்தம். ஆனால் அங்கேயும் குளிர்காற்று வந்தால்தான் பனி. அது வருமா என்பதைக் கடல் சொல்வதில்லை.

ஐரோப்பாவுக்கே திரும்புகிறேன். 2009-10 எல் நினோ. வட ஐரோப்பா நடுங்கியது. 2015 டிசம்பர் எல் நினோ. 1659 முதல் பதிவுள்ள மத்திய இங்கிலாந்தில் அதைவிட வெப்பமான டிசம்பர் இல்லை, 10 டிகிரியை ஒட்டிய சராசரி. 2010 டிசம்பர் லா நினா; அதே இடத்தில் சராசரி உறைநிலைக்குக் கீழே போனது.

உப்புக்காற்று:
மாதத்தைப் பிரித்தால் இதில் முரண் குறையும் சார். ஐரோப்பாவில் எல் நினோ ஒரே அடையாளத்தோடு மார்ச் வரை ஓடுவதில்லை. நவம்பர், டிசம்பரில் அசோர்ஸ் உயரழுத்தத்துக்கும் ஐஸ்லாந்து தாழ்வழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு கூடி மேலைக்காற்று பலக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் வரும். ஜனவரி பிற்பகுதியிலிருந்து அது தளர்ந்து குளிருக்கு வாய்ப்பு கூடும். லா நினா இதற்கு நேர் எதிர்: முன்பகுதி குளிர், பின்பகுதி புயலும் மழையும். நீங்கள் சொன்னதில் 2015 டிசம்பரும் 2010 டிசம்பரும் இந்த வரிசைக்குள்தான் வருகின்றன. 2009-10இல் குளிர் டிசம்பரிலேயே தொடங்கியது இதற்குள் அடங்காது, அது உங்கள் பக்கத்துக்குச் சாட்சி. மூன்று மாதத்தையும் சேர்த்து ஒரே சராசரி போட்டால் முன்பகுதியும் பின்பகுதியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 'தொடர்பே இல்லை' என்று தெரியும்.

மேலூர் மடைவாய்:
ஐரோப்பாவ அண்ணன்மாரும் அக்காவும் பார்த்துக்கங்க. எனக்கு ஒரு விடை வேணும். எல் நினோன்னா நமக்கு மழைன்னு நம்பி நாத்து விடலாமா? பெரியாறு 142 அடி, வைகை 71 அடின்னு ரெண்டு அணைய நம்பித்தான் இங்க கால்வாய்ப் பாசனம். எல் நினோ வருசம் கேரளாப் பக்கம் தென்மேற்கு குறைஞ்சா பெரியாறு நிரம்பாது. புரட்டாசில திறக்க வேண்டிய தண்ணி தள்ளிப்போகும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகைல கொட்டுனா, இளம் நாத்து முழுகும். கடல் ஒண்ணுதான், ஆனா நமக்கு ஒரு பருவத்துல எடுக்குது, இன்னொரு பருவத்துல குடுக்குது. இதை ஒருத்தரும் சேர்த்துச் சொல்றதில்ல.

வைகை வடகரை:
மடைவாய் அண்ணே, 2015ல எல் நினோ. மாநில அளவுல வடகிழக்கு மழை இயல்பைவிடப் பாதிக்கு மேல கூடுதல். 2016ல லா நினா. 60 சதவீதத்துக்கும் மேல குறைவு. 1997லயும் எல் நினோவோட நல்ல மழை.

சமஅழுத்தக் கோடு:
உங்களுக்குச் சாதகமான ஆண்டுகளை மட்டும் எடுத்துவிட்டீர்கள். 2018 எல் நினோ தொடங்கிய ஆண்டு. கஜா புயலே வந்தும் மாநில மழை ஏறக்குறைய கால் பங்கு குறைவு. 2021 லா நினா; பாதிக்கு மேல் கூடுதல். அதிலும் 2016, 2021 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியப் பெருங்கடல் இருமுனையும் (அந்தக் கடலின் மேற்கு, கிழக்குக் கோடிகளுக்கு இடையிலான வெப்ப வேறுபாடு) எதிர்மறைதான், அதாவது கிழக்குக் கோடியில்தான் சூடு அதிகம். இரு கடல்களும் ஒரே அடையாளம் காட்டிய இரண்டு ஆண்டுகளில் ஒன்று வறட்சி, ஒன்று வெள்ளம்.

உப்புக்காற்று:
அடையாளம் ஒன்று, அளவு வேறு. 2016இன் எதிர்மறை இருமுனை மிக வலுவானது; 2021இல் பலவீனமானது. சுமத்ரா பக்கம் நீர் சூடாகிவிட்டால் நிலநடுக்கோட்டில் மேலைக் காற்று வலுத்து, நமக்கு ஈரம் கொண்டுவர வேண்டிய கீழைக் காற்று இளைத்துப்போகும். 2021 நவம்பரில் தாழ்வுப் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்தக் குறையை மூடிவிட்டன. அப்படி வருமா என்பதை 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றும் எம்ஜேஓ மேகக் கூட்டம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு மூன்று வாரம் முன்புதான் ஊகிக்க முடியும். அதை ஆவணியில் எவராலும் சொல்ல முடியாது.

மடைவாய் அண்ணே, நாற்றுக்கு இப்படிப் பாருங்கள். ஜூனுக்கு முன் வரும் எல் நினோ கணிப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள், வசந்த மாதங்களில் அந்தக் கணிப்பு தடுமாறும். செப்டம்பரில் நினோ 3.4, இருமுனை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இருமுனை டிசம்பர் தொடக்கத்தில் அடங்கிவிடும், மார்கழி மழைக்கு அதை நம்ப வேண்டாம். இரண்டும் சாதகமாக இருந்தாலும் அதிக மழைக்கு வாய்ப்பு மூன்றில் ஒன்றிலிருந்து பாதி அளவுக்குத்தான் உயரும். அணையில் கண்ணுக்குத் தெரியும் தண்ணீருக்கே முதல் மதிப்பு. திறப்பு அக்டோபருக்குத் தள்ளினால் 150 நாள் ரகத்தை விட்டுவிட்டு 105, 110 நாள் கோ 51 போன்றதற்குப் போங்கள். நாற்றங்காலை மேட்டில் வைத்து, வடிகால் வாயை முதலிலேயே வெட்டிவிடுங்கள்.

மேலூர் மடைவாய்:
இது போதும்கா. உசிலம்பட்டி, பேரையூர் கரிசல்ல மானாவாரிக்கு என்ன? அங்க அணையே கெடையாது, மொத மழைக்கு முன்னாடி விதைக்கிறதா பின்னாடி விதைக்கிறதான்னுதான் பேச்சு.

சமஅழுத்தக் கோடு:
அங்கே கடல் எண்ணை முற்றிலும் ஒதுக்கிவிடச் சொல்வேன். ஐப்பசி முதல் பாதியில் மதுரைப் பக்கம் பெய்வதில் பெரும்பகுதி மாலை நேர இடிமழை. ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூறாது. விதைக்கும் வாரத்தை முடிவு செய்ய 5 நாள் கணிப்பும் மண்ணின் ஈரமும்தான்.

வைகை வடகரை:
விதைக்கிற வாரத்துக்குச் சரி சார். ஆனா பருத்தியா சோளமான்னு முடிவு பண்றது ஆவணி மாசம். அப்ப கையில கடலைத் தவிர வேற என்ன இருக்கு? அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை.