ஜல்லி லாரிகளும் கிராமச் சாலையும்: போக்குவரத்து ஆய்வு எதைக் கணக்கிட வேண்டும்?

அல்சூர்வாசி:
பெங்களூரில் குடியிருந்தாலும் ஆனேக்கல் பக்கம் நிலமோ உறவோ உள்ளவர்கள் இங்கே பலர் இருப்பதால் இதைக் கேட்கிறேன். மாநில எல்லையை ஒட்டிய என் மாமனார் ஊரில், ஐந்து எக்டேருக்குச் சற்றுக் குறைவான இடத்தில், ஆண்டுக்கு மூன்று லட்சம் டன் எடுக்கும் கருங்கல் குவாரிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். விண்ணப்பத்துடன் வைத்த போக்குவரத்து ஆய்வு, முந்நூறு வேலை நாள், டிரிப்புக்கு இருபது டன் என்று கொண்டு, நாளொன்றுக்கு ஐம்பது டிப்பர்கள் பாரத்துடன் போகும், ஐம்பது காலியாகத் திரும்பும் என்கிறது. பிறகு ஒவ்வொரு லாரியையும் மூன்று கார்களுக்குச் சமமாக வைத்து, சாலையின் கொள்ளளவில் பாதிகூட நிரம்பாது, ஆகவே பாதிப்பு மிகக் குறைவு என்று முடித்துவிடுகிறது. சாலையில் இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு இது விடையாகலாம். சாலை தாங்குமா என்பதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. சாலையைப் பலப்படுத்தி, அதன் சேதத்துக்கு வங்கி உத்தரவாதமும் கொடுத்த பிறகே தோண்ட அனுமதிக்க வேண்டும் என்று ஆட்சேபம் எழுத நினைக்கிறேன். ஆய்வு வேறு எதையெல்லாம் கணக்கிட்டிருக்க வேண்டும்?

ஒசூர்ரோடு காண்ட்ராக்டர்:
சார், இந்த மன்றத்தில் பாதிப் பேர் அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் இருக்கிறோம். ஆற்று மணல் அரிதான பிறகு எம்-சாண்டும் (கல்லை அரைத்துச் செய்யும் மணல்) ஜல்லியும் இல்லாமல் இந்நகரில் ஒரு தூண்கூட எழும்பாது. பக்கத்தில் குவாரி இல்லையென்றால் அதே டன் சிக்கபள்ளாப்பூரிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வரும். வழியெல்லாம் அதே லாரி இன்னும் அதிகக் கிலோமீட்டர் ஓடி, இன்னும் பல ஊர்ச் சாலைகளைத் தேய்க்கும். உங்கள் மாமனார் ஊரில் வேண்டாம் என்றால் வேறொருவரின் மாமனார் ஊரில் தோண்டுவார்கள், அவ்வளவுதான். சாலைச் செலவுக்கு, எடுக்கும் கல்லுக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டி இருக்கிறது. கனிமச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த, சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதிகளுக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியும் இருக்கிறது.

சாலைப்பொறியாளர்:
குவாரி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு பேசலாம். ஆய்வு தவறான அலகில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே என் கருத்து. மூன்று கார் கணக்கு நெரிசலை அளப்பதற்கானது. தேய்மானத்தை அளக்க அச்சுச்சுமையை, அதாவது வண்டியின் ஒவ்வோர் அச்சும் சாலைமீது இறக்கும் எடையைப் பார்க்க வேண்டும். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாயில் ஆஷோ என்ற நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் நடத்திய சாலைச் சோதனையிலிருந்து உலகெங்கும் பின்பற்றப்படும் விதி இது: ஓர் அச்சின் சுமை இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். நம் நாட்டில் 8.16 டன் சுமந்த ஒற்றை அச்சைத் தர அச்சு என்கிறோம்; அது ஒருமுறை கடப்பதில் ஆகும் சேதமே அளவுகோல். சட்டம் அனுமதிக்கும் 28.5 டன் மொத்த எடையுடன் செல்லும் பத்துச் சக்கர டிப்பர், ஒருமுறை போவதில் ஐந்து தர அச்சுகளுக்கு மேல் சேதம் செய்கிறது. கார் செய்யும் சேதமோ கணக்கில் வராத அளவு சிறியது.

ஐம்பது லாரி, முந்நூறு நாள் என்றால் ஆண்டுக்கு 75,000 தர அச்சுகள். கிராமச் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) எஸ்.பி. 72 வழிகாட்டியில் டி-4 என்ற போக்குவரத்து வகைச் சாலை, தன் பத்தாண்டு ஆயுள் முழுவதற்கும் ஒன்று முதல் இரண்டு லட்சம் தர அச்சுகள் வரைதான் தாங்க வேண்டும். உங்கள் ஊர்ச் சாலை அந்த வகை என்றே வைத்துக்கொண்டாலும் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அதன் ஆயுள் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்துச் சக்கர டிப்பரின் காலி எடையே பத்து டன்னுக்குக் குறையாது. அப்படியானால் சட்டப்படி பதினெட்டரை டன்னுக்கு மேல் ஏற்ற முடியாது. டிரிப்புக்கு இருபது டன் என்று எழுதியவர், ஓவர்லோடை இயல்பானதாக ஏற்றுக்கொண்டே கணக்குப் போட்டிருக்கிறார்.

ஒசூர்ரோடு காண்ட்ராக்டர்:
பன்னிரண்டு சக்கர வண்டியை விட்டால் எடை நான்கு அச்சுகளில் பரவும், டிரிப்பும் குறையும். ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் இருபதாயிரம் ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரமும் அபராதம் உண்டு. சாலை பலவீனம் என்றால் மேலே ஒரு அடுக்கு போடச் சொல்லுங்கள். அதற்காக லைசென்ஸையே நிறுத்தச் சொல்வது நியாயமல்ல.

சாலைப்பொறியாளர்:
நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு சக்கர வண்டி, 3.75 மீட்டர் சாலையின் வளைவில் எப்படித் திரும்பும் என்பதையும் ஆய்வில் எழுதத்தான் வேண்டும். அபராதம் எடைமேடை இருந்தால்தான் நடைமுறைக்கு வரும். குவாரி வாசலிலேயே எடைமேடை வைத்து, அதன் சீட்டு இல்லாமல் பெர்மிட் தராமலிருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

எல்லையோர ஆசிரியை:
எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் போய்வருபவள் நான். பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஒரு கிரஷர் ஓடுகிறது. தார் நடுவில் நன்றாகத்தான் இருக்கிறது. லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி ஓரம்தான் உடைந்திருக்கிறது. சிறுபாலத்து வளைவில் தாருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் இறக்கம். ஒதுங்கிய இருசக்கர வண்டி மறுபடி மேலே ஏற முடியாமல் சரிகிறது. இதை எந்தக் கொள்ளளவுக் கணக்கு காட்டும்?

மேலும், ஐம்பது லாரிகளை நாள் முழுவதும் சமமாகப் பரப்புவது வெறும் ஏட்டுக் கணக்கு. நெரிசல் நேரங்களில் கனரக லாரிகள் பெங்களூருக்குள் நுழைய முடியாததால், அனுமதி நேரத்தைப் பிடிக்க எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. நகரத்தின் நெரிசலைக் காக்கும் விதி கிராமத்தில் நெரிசலை உண்டாக்குகிறது. எனவே சராசரியை விட்டு, பள்ளி விடும் நேரத்தையும் பின்னிரவையும் தனித்தனியே எண்ண வேண்டும். பக்கத்துக் கிரஷரின் வண்டிகளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஒசூர்ரோடு காண்ட்ராக்டர்:
நேரக் கட்டுப்பாட்டை ஏற்கலாம் அம்மா, எடைமேடையையும் ஏற்கலாம். ஆனால் சாலையை முதலில் பலப்படுத்தி, வங்கி உத்தரவாதமும் கொடுத்த பிறகே தோண்ட வேண்டும் என்றால், சிறு உரிமையாளர் யாரும் நிற்க மாட்டார். பெரிய நிறுவனங்கள் மட்டுமே மிஞ்சும்.

அல்சூர்வாசி:
அறக்கட்டளை நிதி மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. எங்கள் ஊர்ச் சாலைக்கு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. கல் வெளியேறுவது முதல் நாளிலிருந்து. உத்தரவாதம் கடினம் என்றால், டன்னுக்கு இவ்வளவு என்று அந்தச் சாலைக்கென்றே தனிக் கணக்கில் கட்டட்டும். அந்தத் தொகை ஜல்லி விலையில் ஏறி, கடைசியில் நம் அடுக்குமாடிகளின் விலையில்தான் சேரும். அதைக் கொடுக்க நமக்கு மனமில்லை என்றால், மாமனார் ஊர் எதுவானாலும், சாலைச் செலவை அங்கிருப்பவர்கள் தலையில் கட்டுகிறோம் என்றுதான் பொருள். இந்தக் கோரிக்கையையும் பொறியாளர் சொன்ன அச்சுச்சுமைக் கணக்கையும் சேர்த்து ஆட்சேபமாக எழுதித் தருகிறேன். ஆசிரியை அம்மா அந்தச் சிறுபாலத்தின் படத்தை அனுப்பினால் இணைத்துவிடலாம்.