சுருக்குமடி, இரட்டைமடி: சட்டம் இருக்கு, கரையில பாக்குறதுக்கு ஆள் எங்க?

தரங்கை_வலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் தரங்கம்பாடி பக்கம், வீட்டுல ஃபைபர் படகு, செவுள்வலை தொழில். ஒரு விஷயத்துல உங்க யோசனை வேணும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983லயே வந்துடுச்சு, கரையோரத்துல விசைப்படகு தொழில் செய்யக்கூடாதுன்னு இருக்கு, சுருக்குமடிக்கு (மீன் கூட்டத்தச் சுத்தி வளைச்சு அடியச் சுருக்குற பெரிய வலை) 2000லயே தடை போட்டாச்சு, இரட்டைமடிக்கும் (ரெண்டு படகு சேந்து இழுக்குற மடி) தடைதான். ஆனா ராத்திரி நாங்க வலை விட்டுட்டுக் கெடக்கற எடத்துலயே லாஞ்சு (விசைப்படகு) மடி இழுத்துட்டுப் போவுது, வலை அறுந்தா கேக்க நாதி இல்ல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் விடுறோம், அது முடிஞ்சு மொத வாரத்துலயே குஞ்சு குருமானோட அள்ளிட்டு வந்து கொட்டுனா அந்த 61 நாளும் எதுக்கு? புதுச் சட்டம் வேணும்னு நான் கேக்கல, இருக்கறத தெனமும் கண்காணிக்கணும். அத எப்புடி கேட்டா நடக்கும்?

பூம்புகார்_தம்பி:
அண்ணே, எங்க குடும்பத்துக்கு சுருக்குமடி செட்டுல பங்கு இருக்கு, அதனால எங்க பக்கத்தையும் சொல்லிடுறேன். சுனாமிக்கு அப்புறம்தான் எங்க பக்கம் இந்தத் தொழில் பெருசாச்சு, அப்ப யாரும் வந்து நிறுத்தல. வீட்டு நகைய வச்சு, வட்டிக்கு வாங்கி வலையும் எஞ்சினும் எடுத்தாச்சு, பல வீடு சேந்து போட்ட காசு அது. 2021 ஜூலையில அனுமதி கேட்டு நாங்க போராடுனப்ப உங்க ஊரு எதுத்துச்சு, அந்தக் கசப்பு இன்னும் போவல. 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுச்சு: 12 கடல் மைலுக்கு அந்தாண்ட, திங்களும் வியாழனும் மட்டும், காலைல 8 மணிக்கு மேல சாயங்காலம் 6 மணிக்குள்ள. அந்த ரெண்டு நாளும் காத்தடிச்சா அந்த வாரம் அவ்ளோதான். கண்காணிப்பு வரட்டும், வேணாங்கல. ஆனா சுருக்குமடிய மட்டும் புடிச்சுட்டு, இரட்டைமடியையும் அனுமதிச்ச 240 எச்பிக்கு (குதிரைத்திறன்) மேல எஞ்சின் வச்சு அடிமட்டத்த வழிக்கிற லாஞ்சையும் விட்டுட்டா அது ஞாயம் இல்ல.

நாகை_மீன்காரி_மக:
நீங்க ரெண்டு பேரும் கடல்ல நடக்குறதையே பேசுறீங்க, ஏலத்துல என்ன நடக்குதுன்னு யாரும் சொல்லல. எங்கம்மா விடியக்காலைல ஏலம் எடுத்து பஸ்ல திருவாரூர் பக்கம் கொண்டுபோயி விக்கிறவங்க. காரப்பொடி, சூடை, மத்தி இதெல்லாம்தான் அவங்க யாவாரமே, உள்ளூர் கிராமத்துல கூலி வேலைக்குப் போற வீட்டுல வாங்குறது அந்த மீனத்தான். இப்ப அதே பொடி மீன் மொத்தமா லாரில ஏறி மீன்மாவு கம்பெனிக்குப் போவுது, கோழித்தீவனம், இறால் தீவனம். கம்பெனி வண்டி நிக்கிறப்ப கூடை வச்சுட்டு நிக்கிற பொம்பளைங்க வெலை கேக்கவே முடியாது. பொடி மீனுக்கும் காசு கெடைக்குதுன்னு தெரிஞ்சா யாருங்க பெரிய கண்ணு வலை போடுவா? கருவாடு போடுற அக்காங்களும் இப்ப சரக்கு இல்லாம உக்காந்திருக்காங்க. அதனால படகை மட்டும் பாத்தா பத்தாது, அந்த லாரில என்ன மீன், எவ்ளோ எடை, எந்தப் படகு கொட்டுனது, எல்லாம் எழுதணும்.

சீர்காழி_வக்கீல்:
அக்கா சொன்னதுதான் இதுல முக்கியமான எடம். 12 கடல் மைல் வரைக்கும்தான் மாநிலச் சட்டம், அதுக்கு அப்பால ஒன்றிய அரசோட எல்லை. நீதிமன்ற உத்தரவுலயே படகுக்குக் கண்காணிப்புக் கருவி இருக்கணும்னு இருக்கு, இஸ்ரோ உருவாக்குன டிரான்ஸ்பாண்டரும் (படகு எங்க இருக்குன்னு காட்டுற கருவி) இலவசமா குடுக்குறாங்க, ஆனா கருவிய அணைச்சு வச்சா யாரு கேக்குறது, என்ன தண்டனைன்னு தெளிவா வேணும். கடல் முழுக்க ரோந்து போறது கஷ்டம், படகு எப்புடியும் கரைக்கு வந்துதானே ஆகணும், அதனால எறங்குதளத்துல பாக்கறதுதான் சுலபம். கேரளாவுல 2015ல குறைஞ்சபட்ச அளவு கொண்டுவந்தாங்க, மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை (நம்ம ஊரு காணாங்கெளுத்தி) 14, அதுக்குக் கீழ புடிச்சா அபராதம். அங்க 2012ல கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கெடைச்ச மத்தி 2021ல 3,500 டன்னுக்கும் கீழ வந்துடுச்சு. கடல் சூடு மாறுனதும் ஒரு காரணம்தான், ஆனா குஞ்சப் புடிச்சா திரும்பப் பெருகுறதுக்கு வழியே இல்லாமப் போயிடும். நாகையிலயும் மயிலாடுதுறையிலயும் கலெக்டர் ஆபீஸ்ல மீனவர் குறைதீர் கூட்டத்துல மனு குடுங்க. அதுக்கு முன்னாடி தகவல் அறியும் சட்டத்துல ஒரு மனு போட்டு, எத்தன படகுமேல வழக்கு, எவ்ளோ அபராதம் வசூல், எத்தன எஞ்சின் சோதனை பண்ணாங்கன்னு வருஷ வாரியா வாங்கி வச்சுக்குங்க.

தரங்கை_வலைக்காரன்:
ரொம்ப நன்றிங்க. அப்ப மனுவுல நாலு விஷயம் எழுதுறேன்: எறங்குதளத்துல தெனமும் மீன் அளவும் வலைக்கண்ணும் சோதனை, மீன்மாவு லாரிக்குப் பதிவேடு, டிரான்ஸ்பாண்டர் அணைச்சா உரிமம் நிறுத்தம், எஞ்சின் எச்பி சோதனை. எங்க ஊரு மட்டும் கையெழுத்து போட்டா ஊர்ச்சண்டைன்னு சொல்லி ஓரமா வச்சுடுவாங்க. தம்பி, உங்க ஊருலயும் நாட்டார்கிட்ட (ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவருங்க) பேசிப் பாக்குறீங்களா? நம்ம ரெண்டு பக்கமும் சேந்து போனா ஆபீசருங்க தட்டிக்கழிக்க முடியாது.

பூம்புகார்_தம்பி:
பேசுறேன் அண்ணே. பங்குக்காரங்க ஒத்துக்கறது கஷ்டம், இரட்டைமடிய மொத வரியிலயே எழுதுங்க, அப்பதான் பஞ்சாயத்துல நான் வாயத் தொறக்க முடியும். அப்புறம் அந்த ரெண்டு நாள் காத்தடிச்சா மாத்து நாள் வேணும்னும் ஒரு வரி சேருங்க, அதுக்கு உங்க ஊருல சம்மதமான்னு கேட்டு சொல்லுங்க.