சேலத்துலயே பகல் ஷிஃப்ட் ஐடி வேலை, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கங்க. நான் சேலம் அம்மாபேட்டை, ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்ல (ஓடிட்டு இருக்கற சாஃப்ட்வேர்ல பிரச்சனை வந்தா சரி பண்ற வேலை) இருக்கேன், கொரோனா சமயத்துல பெங்களூர்ல இருந்து ஊருக்கு வந்தது, அப்படியே வீட்டுல இருந்தே வேலை ஓடுது. கிளையண்ட் நியூயார்க். அவங்க காலைல 9 மணிக்கு கால் வெச்சா நமக்கு சாயங்காலம் 6.30, நவம்பர்ல அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுனதும் 7.30, கரெக்டா பாப்பா சாப்பிடற நேரம். ஸ்கூல் டைரிய என் ரூம் கதவுக்கு அடில தள்ளி விடுவா, நான் மியூட் போட்டுட்டு கையெழுத்து போட்டு திருப்பி தள்ளுவேன்.

போன மாசம் ஏற்காடு போறப்ப பாதி கொண்டை ஊசி வளைவு கூட தாண்டல, சர்வர் டவுன்னு போன். வண்டிய ஓரங்கட்டி லேப்டாப்ப தொறந்தா டவர் வந்து வந்து போகுது. வீட்டம்மா ஒண்ணுமே சொல்லல, அதான் பயமே.

இப்ப வாரம் மூணு நாள் பெங்களூர் ஆபீஸ் வரணுமாம். அப்பாவுக்கு செவ்வாப்பேட்டைல வெள்ளி கொலுசு பட்டறை, வயசாச்சு, விட்டுட்டு போக முடியாது. வேலையையும் விட மனசில்ல, டிப்ளமோ படிச்சிட்டு இந்த ஃபீல்டுல நிக்கறதுக்கு பட்ட பாடு அப்படி.

ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் ஐடி பார்க்ல யாராச்சும் இருக்கீங்களா? பகல் ஷிஃப்ட் கெடைக்குமா, சம்பளம் எவ்ளோ அடிவாங்கும்? சப்போர்ட்ல இருந்து டெவ்ஆப்ஸ் (சாஃப்ட்வேர் ரிலீஸ், சர்வர் வேலைய ஆட்டோமேட் பண்றது) மாறுனவங்க மொதல்ல எத படிச்சீங்க, லினக்ஸா கிளவுடா? "பொறுமையா இருங்க"ன்னு மட்டும் போடாதீங்க, அத எங்க மாமனாரே தெனமும் சொல்றாரு.