தூத்துக்குடி மக்ரூன் கூம்பா நிக்காம அடை மாதிரி பரவுது, ஞாயித்துக்கிழமை ஆச்சிக்கு 80, யாராச்சும் காப்பாத்துங்க

அரைகுறை_சமையல்:
எல்லாருக்கும் வணக்கம், நேரா விஷயத்துக்கு வந்துடறேன். வர்ற ஞாயிறு எங்க ஆச்சிக்கு 80வது பொறந்தநாள். ஆச்சி பொறந்து வளந்ததெல்லாம் தூத்துக்குடி, எங்களோட சென்னைக்கு வந்து பதினஞ்சு வருஷமாச்சு, இன்னும் ஊர்லருந்து யாரு வந்தாலும் மொத கேள்வி "மக்ரூன் வாங்கியாந்தியா"தான். கேக் வெட்டலாம்னா "பஞ்ச திங்கற மாதிரி இருக்கும், உங்களுக்கு வேணும்னா வெட்டிக்கோங்க"ன்னுடுச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம், மக்ரூன் நானே பண்றேன்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வாய விட்டுட்டேன், 25 பேர் வர்றாங்க.

நேத்து ட்ரையல் பாத்தேன். 3 முட்டை வெள்ளைக்கரு, முந்திரி 180 கிராம் மிக்ஸில நைஸா பவுடராக்கினது, சர்க்கரை, அவ்ளோதான். வெள்ளைக்கருவ ஹேண்ட் பீட்டர்ல அடிச்சு சர்க்கரைய கொட்டி, அப்புறம் முந்திரியும் போட்டு அதையும் பீட்டர்லயே ரெண்டு நிமிஷம் ஓட்டி, பால் கவர் முனைய வெட்டி டிரேல பிழிஞ்சேன். பிழியறப்பவே கூம்பு நிக்கல, மெதுவா சரிஞ்சு உக்காந்துடுச்சு. 28 லிட்டர் ஓடிஜில (கரண்ட்ல ஓடற சின்ன அவன்) மேல கீழ ரெண்டு ராடும் போட்டு 150ல 20 நிமிஷம். வெளிய எடுத்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே அடை, மேல காப்பிக் கலர், உள்ள ரப்பர், பட்டர் பேப்பர்ல எண்ணெய் வேற படர்ந்திருக்கு. அம்மா வந்து பாத்துட்டு "இது என்னடா முந்திரி ரவாதோசையா"ங்கறாங்க. எங்க தப்பு?

மாவுச்சட்டி:
தம்பி நாலஞ்சு கேள்வி. அடிச்ச பாத்திரம் எது, பிளாஸ்டிக்கா ஸ்டீலா? முட்டை ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த உடனே அடிச்சீங்களா? மஞ்சள் கரு ஒரு பொட்டாச்சும் விழுந்துச்சா? சர்க்கரைய ஒரே தடவையா கொட்டினீங்களா? எல்லாத்துக்கும் கிராம் சொன்னவர் சர்க்கரைக்கு மட்டும் சொல்லலயே, எவ்ளோ போட்டீங்க?

மொறுமொறு_மன்னன்:
அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ரெண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளவர் போடுங்க ப்ரோ, புஸ்ஸுனு எந்திரிக்கும். பிழிஞ்சுட்டு அரை மணி நேரம் மேல தோல் கட்டற வரைக்கும் வெளிய வைக்கணும், அதான் மெயின். நான் வீடியோல பாத்தேன்.

மாவுச்சட்டி:
ப்ரோ நீங்க பாத்தது ஃபிரெஞ்ச் மாக்கரோன், பாதாம்ல பண்ணி நடுவுல கிரீம் வச்சு ரெண்ட ஒட்டுவாங்களே அது. தோல் கட்ட விடறது, 150 டிகிரி எல்லாம் அதோட கணக்கு. இவர் கேக்கறது தூத்துக்குடி ஐட்டம், அது சுடறதுன்றத விட காய வைக்கறதுன்னு சொல்லணும். பேக்கிங் பவுடர் வேணவே வேணாம், காத்து முழுக்க வெள்ளைக்கருவுலருந்துதான் வரணும். தம்பி உங்க 150ம் அந்த மாதிரி வீடியோலருந்து வந்ததுதானே?

அரைகுறை_சமையல்:
ஆமாக்கா, அதே மாதிரி வீடியோதான் 😅 பாத்திரம் பிளாஸ்டிக், இட்லி மாவு வைக்கற டப்பா, நல்லா கழுவிட்டுதான் எடுத்தேன். முட்டை ஃப்ரிட்ஜ்லருந்து நேரா. மஞ்சள் கரு லேசா ஒரு நூல் மாதிரி விழுந்துச்சு, ஸ்பூன்ல எடுத்துட்டேன், முழுசா வந்துச்சான்னு தெரியல. சர்க்கரை ஒரே தடவதான்.

உப்புக்காத்து:
நான் தூத்துக்குடிதான், எங்க பெரியப்பா முப்பது வருஷம் பேக்கரில அடுப்பு பாத்தவரு, அதனால கொஞ்சம் நீளமா சொல்லுதேன், பொறுமையா கேளுங்க தம்பி.

மக்ரூனுக்கு சாமான் மூணே மூணுதான், முட்டை வெள்ளை, சீனி, அண்டிப்பருப்பு. (உங்க ஆச்சிகிட்ட முந்திரின்னு சொல்லாம அண்டிப்பருப்புன்னு சொல்லிப் பாருங்க, மொகம் மலரும்.) சாமான் கம்மின்னா தப்பு பண்ண எடமும் கம்மின்னு நெனைக்கக் கூடாது, ஒண்ணு சொதப்புனாலும் மறைக்க வேற ஒண்ணுமே கெடையாது. அண்டிப்பருப்புல கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான். மிக்ஸிய நிறுத்தாம ஓட்டுனா சூடேறி எண்ணெய் கக்கிரும், அந்த எண்ணெய் பட்டா முட்டை நொரை செத்துப்போகும், உங்க பேப்பர்ல படர்ந்ததும் அதுதான். பருப்ப ஒரு மணி நேரம் ஃப்ரீசர்ல போட்டு, மிக்ஸிய விட்டு விட்டு ஒரு சுத்து ஒரு சுத்தா ஓட்டி, ரவை பதத்துல நிறுத்திரணும். சலிச்சு மேல நிக்கத தூக்கிப் போடாதீங்க, அது பல்லுல கடிபட்டாத்தான் மக்ரூன்.

அடுப்பு விஷயம்: விறகு அடுப்புல பகல்ல ரொட்டி, பன்னு எல்லாம் எறக்கி, சூடு தணிஞ்சப்புறம் மக்ரூன் தட்ட உள்ள தள்ளி ராத்திரி முழுக்க விட்டிருவாங்க. காலைல எடுத்தா வெள்ளை வெளேர்னு, தட்டுனா டொக்குன்னு சத்தம் வரும், வாயில போட்டா ஒரு செகண்டு மொறுமொறு, அடுத்த செகண்டு ஆளே இருக்காது. உங்க ஓடிஜில இருக்கதுலயே கம்மி சூடு எதுவோ அதுல வைங்க. கீழ் ராடு மட்டும் போடுங்க, மேல் ராடு போட்டா செவந்துரும், செவந்தா அது மக்ரூன் இல்ல பாத்துக்கோங்க.

பருப்ப பீட்டர்ல அடிச்சேன்னு எழுதிருக்கீங்களே, வாசிக்கும்போதே நெஞ்சு திக்குன்னுச்சு. அத்தன நேரம் காத்த அடிச்சு ஏத்திட்டு கடைசில நீங்களே புடுங்கி விட்டுட்டீங்க. பருப்ப தூவி, அடிலருந்து மேல அள்ளிப் போட்டு அள்ளிப் போட்டு கலக்கணும், பத்து பன்னெண்டு தடவ போதும்.

மாவுச்சட்டி:
அண்ணன் சொன்னதுதான் கரெக்ட். பாத்திரம் மட்டும் நான் சொல்றேன். பிளாஸ்டிக் எவ்ளோ கழுவினாலும் எண்ணெய்ப் பசை விடாது, ஸ்டீலோ கண்ணாடியோ எடுத்து எலுமிச்சை மூடியால உள்பக்கம் தேச்சு ஈரமில்லாம துடைங்க. முட்டைய சில்லுனு இருக்கறப்ப உடைச்சா மஞ்சளும் வெள்ளையும் சுலபமா பிரியும், ஆனா அடிக்கறது அரை மணி நேரம் வெளிய வச்சப்புறம். ஒவ்வொரு முட்டையையும் தனியா ஒரு சின்ன கிண்ணத்துல உடைச்சு சுத்தமா இருந்தா மட்டும் பெரிய பாத்திரத்துல ஊத்துங்க, மூணாவது முட்டைல மஞ்சள் உடைஞ்சு மொத்தமும் போறதுக்கு இது தேவல. சர்க்கரைய மிக்ஸில பொடிச்சு, நொரை வெள்ளையா கட்டின பிறகு ஸ்பூன் ஸ்பூனா போடணும். விரல்ல எடுத்து நசுக்கினா நறநறன்னா இன்னும் கரையலன்னு அர்த்தம். பாத்திரத்த தலைகீழா கவுத்து உங்க தலைக்கு மேல புடிங்க, விழலன்னா ரெடி.

அப்புறம் சர்க்கரை எவ்ளோன்னு இன்னும் சொல்லல நீங்க.

அரைகுறை_சமையல்:
அப்டேட். ரெண்டாவது ட்ரையல் முடிஞ்சது. ஸ்டீல் பாத்திரம், எலுமிச்சை, ஸ்பூன் ஸ்பூனா சர்க்கரை, ஃப்ரீசர் முந்திரி, எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே. ஓடிஜில கம்மியே 100தான், கீழ் ராடு மட்டும், ஒன்றரை மணி நேரம். எண்ணெய் கக்கல, கலரும் வெள்ளை. ஆனா கூம்பு முழுசா நிக்கல, முனை மழுங்கி ஃபில்டர் காப்பி டபரா கவுத்த மாதிரி இருக்கு, உள்ள இன்னும் லேசா சவ்வுத்தனம். கவுத்துப் பாத்தப்போ விழல, ஆனா மெதுவா நகர ஆரம்பிச்சுது, பயந்து நிமித்திட்டேன். முந்திரி போட்டதும் நொரை அப்படியே கனத்துல இறங்குது. வேற என்னதான் பண்றது?

மாவுச்சட்டி:
மூணாவது தடவ கேக்கறேன். சர்க்கரை. எத்தன. கிராம்.

அரைகுறை_சமையல்:
90 😬

ஆச்சிக்கு சுகர்க்கா, மாத்திரை போடுது, அதான் 180ல பாதிய குறைச்சுட்டேன். முந்திரிதானே மெயின், சர்க்கரை ருசிக்குத்தானேன்னு நெனச்சேன்.

மாவுச்சட்டி:
அட சாமி. இத மொதல்ல சொல்லிருந்தா முந்திரி மிச்சமாயிருக்குமே.

காப்பிக்குத்தான் சர்க்கரை ருசி, இங்க அது தூணு. வெள்ளைக்கருவுல பெரும்பங்கு தண்ணி. சர்க்கரை அந்த தண்ணில கரைஞ்சு கெட்டிப் பாகா மாறி ஒவ்வொரு குமிழியையும் சுத்திப் புடிச்சுக்குது, அதனாலதான் நொரை வழியாம நிக்குது, அடுப்புல காயறப்ப அந்தப் பாகே இறுகி மொறுமொறுப்பாகுது. நீங்க பாதிய எடுத்துட்டீங்க, முந்திரிய மட்டும் அதே 180 வச்சீங்க, சுவர்ல பாதி செங்கல உருவிட்டு மேல மாடி கட்டின கதை. வெள்ளைக்கருவ எடை போட்டு அதப்போல ரெண்டு பங்கு சர்க்கரை போடுங்க. மூணு முட்டைன்னா 90 கிராம் பக்கம் வரும், அப்ப சர்க்கரை 180. முந்திரி 150 முதல் 180, மொத தடவ 150 போதும்.

கருப்பட்டி_காப்பி:
சர்க்கரைக்கு பதிலா கருப்பட்டி போட்டா சுகர் இருக்கறவங்க சாப்பிடலாமே?

மாவுச்சட்டி:
கருப்பட்டியும் சர்க்கரைதாங்க, ரத்தத்துல ஏறத்தான் செய்யும். அதோட ஈரத்துக்கு நொரை நிக்கறதும் கஷ்டம்.

உப்புக்காத்து:
தம்பி, ஒரு விஷயம் சொன்னா கோச்சுக்காதீங்க. ஆச்சிக்கு சீனி கம்மியான மக்ரூன் வேண்டாம், ஊரு மக்ரூன்தான் வேணும். அதனால சீனிய குறைக்காம சைஸ குறைங்க. மூணு முட்டை மாவுல 36 பிழிங்க, அப்ப ஒண்ணுல 5 கிராம் சீனி, ஒரு டீஸ்பூன்தான். ஒண்ணோ ரெண்டோ ஆச்சி கைல குடுத்துட்டு டப்பாவ மேல் அலமாரில வச்சிருங்க. அவங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க.

அரைகுறை_சமையல்:
நின்னுடுச்சூஊஊ!!! 180 போட்டதும் நொரையே வேற, ஷேவிங் கிரீம் மாதிரி பளபளன்னு, பாத்திரத்த தலைக்கு மேல கவுத்துட்டு அஞ்சு நிமிஷம் நின்னேன், தங்கச்சி வீடியோ எடுத்தா. பிழிஞ்சு கவர தூக்கினா முனை அப்படியே கோயில் கோபுரம். ராத்திரி ஒன்றரை மணி நேரம் வச்சு, ஆஃப் பண்ணிட்டு கதவத் தொறக்காம உள்ளயே விட்டுட்டேன். காலைல எடுத்து தட்டினா டொக்.

ஆனா ஒரு சின்ன சோகம். தட்டுல வச்சு எல்லாருக்கும் காட்டிட்டு அப்படியே டைனிங் டேபிள்ல விட்டுட்டு ஆபீஸ் போயிட்டேன், இங்க ரெண்டு நாளா விடாம மழை, சாயங்காலம் வந்து பாத்தா எல்லாம் பிசுபிசுன்னு கைல ஒட்டுது. ஞாயித்துக்கிழமையும் மழைன்னு சொல்றாங்க.

உப்புக்காத்து:
மழையில மக்ரூன வெளிய வைக்கதும் உப்பு ஜாடிய தொறந்து வைக்கதும் ஒண்ணுதான், சீனி காத்துல இருக்க ஈரத்தையெல்லாம் இழுத்துக்கிடும். கெட்டுப்போகல, பயப்படாதீங்க. திருப்பி 100ல இருபது நிமிஷம் வச்சு, ஆஃப் பண்ணி உள்ளயே ஆற விடுங்க, பழையபடி டொக்குன்னு ஆயிரும். ஆறின கையோட இறுக்க மூடுற டப்பால போடுங்க, சூடா போட்டு மூடுனா உள்ள வேர்த்துரும். ஃப்ரிட்ஜ் வேண்டாம். விசேஷத்தன்னைக்கு ஆளு வந்து உக்காந்தப்புறம் டப்பாவ தொறந்தா போதும்.

மாவுச்சட்டி:
25 பேருக்குன்னா மொத்தமா 9 முட்டை அடிச்சு வச்சுடாதீங்க, உங்க ஓடிஜில ஒரு நேரத்துல ஒரு டிரேதான் போகும், மிச்ச மாவு வெளிய காத்திருந்தா முந்திரி எண்ணெய்ல நொரை இறங்கிடும். மூணு மூணு முட்டையா, டிரே உள்ள போக ரெடியானப்புறம் அடிங்க. நல்லா மூடி வச்சா வாரக்கணக்குல இருக்கும், அதனால வெள்ளிக்கிழமையே ஆரம்பிச்சுடுங்க.

அரைகுறை_சமையல்:
ஞாயிறு ராத்திரி ரிப்போர்ட். மொத்தம் 108 பிழிஞ்சதுல ரெண்டாவது டிரேல ஒரு வரிசை லேசா செவந்துடுச்சு, ஓடிஜி பின்பக்கம் சூடு ஜாஸ்தி போல, டிரேய பாதில திருப்பி வச்சிருக்கணும். அத நானும் தங்கச்சியும் முடிச்சுட்டோம்.

ஆச்சி ஒண்ண எடுத்து மொத காதுகிட்ட வச்சு விரலால தட்டிப் பாத்துச்சு. நான் மூச்ச புடிச்சுட்டு நிக்கறேன். அப்புறம் கூம்ப ஒடிச்சு வாயில போட்டுட்டு, "யாரு ஊருக்குப் போயிட்டு வந்தது"ன்னு மாமாவ பாத்துக் கேட்டுச்சு. நான்தான் பண்ணேன்னு அம்மா சொன்னதும் நம்பல, அடுப்படிக்கு கூட்டிட்டுப் போய் ஓடிஜிய காட்ட வேண்டியதாப் போச்சு. அண்டிப்பருப்பு 150 போட்டேன் ஆச்சின்னேன், "இன்னுங்கொஞ்சம் போட்டிருக்கலாம், கருமி"ன்னுடுச்சு. மேல் அலமாரில வச்ச டப்பா மதியத்துக்குள்ள ஆச்சி கட்டிலுக்கு அடியில போயிடுச்சு, யாரு எடுத்துக் குடுத்தாங்கன்னு விசாரணை நடந்துட்டு இருக்கு. உப்புக்காத்து அண்ணாச்சி, மாவுச்சட்டி அக்கா, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி.

கடைசியா ஒரு சந்தேகம். ஃப்ரிட்ஜ்ல இன்னும் ஒம்போது மஞ்சள் கரு இருக்கு. ஒரு வாரமா வீட்ல மஞ்சக்கரு ஆம்லெட்தான், அப்பா நேத்துலருந்து என்னோட பேசறதில்ல. என்ன பண்ணலாம்?

மாவுச்சட்டி:
வெள்ளிக்கிழமை உடைச்சதா? தூக்கிப் போட்டுடுங்க தம்பி, பச்சை மஞ்சள் கரு ரெண்டு நாளைக்கு மேல வச்சுக்கக் கூடாது. இன்னைக்கு உடைச்சது எதாச்சும் இருந்தா பால், சர்க்கரை, ஏலக்காய் போட்டு சிம்ல விடாம கிண்டுங்க, கஸ்டர்டு ஆயிடும், அப்பாவ சமாதானப்படுத்திடலாம்.

அரைகுறை_சமையல்:
மூணு இன்னைக்கு உடைச்சதுக்கா, காலைல கடைசி டிரேக்கு. கஸ்டர்டுக்கு சர்க்கரை எவ்ளோ?

மாவுச்சட்டி:
இதுல பாதியா குறைச்சாலும் ஒண்ணும் ஆகாது 😂