டவுன்வோட் (எதிர் ஓட்டு) போடுறவர் காரணம் சொல்லணுமா? நம்ம தளத்தோட மட்டுறுத்தலை, அதாவது பதிவுகளைக் கண்காணிக்கிற முறையை, மாத்தலாம்னு இருக்கேன், கருத்து சொல்லுங்க

கேள்வி: திருநகர், மதுரை

வணக்கம் மக்களே.

போன வாரம், புரோகிராமிங் சந்தேகத்தைத் தமிழ்ல கேட்டுப் பதில் வாங்குற நம்ம தளத்துல ஒரு பொண்ணு கேள்வி போட்டுச்சு. பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். ஜாவா புரோகிராம் ஓட்டுனா நல் பாயின்டர் எக்செப்ஷன்னு ஒரு பிழை வருது, நாளைக்கு லேப் ரெக்கார்டுல கையெழுத்து வாங்கணும், யாராச்சும் சொல்லுங்கன்னு. புரோகிராம் கோடை (code) டைப் பண்ணாம, மானிட்டரை ஃபோன்ல படம் பிடிச்சுப் போட்டிருந்துச்சு. கொஞ்ச நேரத்துல மைனஸ் நாலு. அடுத்து, "ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வி"ன்னு மூடியாச்சு. அதுல கொடுத்திருந்த சுட்டி, நல்னா (null) என்னன்னு ஆங்கிலத்துல பக்கம் பக்கமா விளக்குற இடத்துக்குப் போகுது. மறுநாள் பார்த்தா அந்தக் கணக்கே இல்ல. அழிச்சிட்டுப் போயிருச்சு.

விதியை எடுத்து வச்சுப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு. படமாப் போடக்கூடாதுன்னு விதி இருக்கு, டூப்ளிகேட்டை மூடலாம்னு விதி இருக்கு. ஆனா அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது என்ன? ஒரு மைனஸ் எண்ணும் ஒரு பூட்டும். நான் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். ஸ்டூடன்ட் கிளாஸுக்கு அஞ்சு இடத்தோட ஒரு அரே, அதாவது வரிசைப் பட்டியல், உருவாக்கியிருக்கு. அரே உருவான உடனே உள்ள அஞ்சு இடமும் நல்தான், அதாவது காலி. ஒவ்வொரு இடத்துலயும் நியூ போட்டு ஒரு ஆப்ஜெக்ட் வைக்கணும். அது வைக்காமலே நேரா பேரை எழுதப் போயிருக்கு. லூப்புக்குள்ள ஒரு வரி சேர்த்தா முடிஞ்சது. ஜாவா படிச்ச முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுந்த இடம் இது. நாலு பேர் டவுன்வோட் போட்டாங்க, ஒருத்தர் மூடினார், அந்த ஒரு வரியை யாரும் சொல்லல.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கிற பெரிய புரோகிராமிங் கேள்வி-பதில் தளத்துக்கு போர்ச்சுகீசு, ஸ்பானிஷ், ரஷ்யன், ஜப்பானிய மொழிகள்ல தனித் தளம் இருக்கு. தமிழுக்குக் கிடையாது. அதனாலதான் நாம இதைத் தொடங்கினோம். உசிலம்பட்டியிலயும் மேலூர்லயும் இருக்கிற பிள்ளைங்க கூச்சமில்லாமக் கேக்க ஒரு இடம் வேணும்னுதான் தொடங்கினோம்.

நம்ம மென்பொருள் ஜாங்கோவுல (பைத்தான்ல இணையதளம் எழுதுற கருவி) நாமளே எழுதினது, அதனால எதையும் மாத்தலாம். என் மனசுல ஓடுறது இது: டவுன்வோட் பொத்தானை அழுத்தினா உடனே எண் குறையக்கூடாது, காரணத்தை எழுதினாத்தான் ஓட்டு விழணும். அதே மாதிரி கேள்வியை மூடுறவர், என்ன திருத்துனா திறப்பேன்னு ஒரு வரியாவது சொல்லணும். என்ன குறைன்னு சொல்லாம கதவை மட்டும் சாத்துறதை நான் மட்டுறுத்தல்னு ஒத்துக்க மாட்டேன்.

இதுல என்ன சிக்கல் வரும்? வேற இடங்கள்ல எப்படிச் செய்றாங்க? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பதில்: அண்ணா நகர், மதுரை

தங்கச்சி, உங்க ஆதங்கம் நியாயமானது. ஆனால் கட்டாயக் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008இல் தொடங்கியதற்குக் கொஞ்ச காலத்திலேயே அங்கே பதில் எழுத ஆரம்பித்தவன் நான். இதே கோரிக்கை அங்கே ஆண்டுக்கணக்காக வந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு முறையும் மறுக்கப்பட்டது. பேர் போட்டுக் காரணம் எழுதியவரின் பழைய பதில்களைத் தேடிப்போய்ப் பழிக்குப் பழி டவுன்வோட் போடுவார்கள். அப்புறம் ஒருவரும் காரணம் எழுத மாட்டார்கள், ஓட்டும் போட மாட்டார்கள். தப்பான பதில்களெல்லாம் மேலேயே நிற்கும். ஒரு எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (தரவுத்தளத்துக்குள் வெளியாள் கட்டளையை நுழைப்பது) ஓட்டையுள்ள பதில் பிளஸ் பத்தில் நின்றால் அதை நம்பி எத்தனை பேர் காப்பி அடிப்பார்கள்? டவுன்வோட் என்பது அடுத்துத் தேடி வருகிறவருக்கான எச்சரிக்கை. அதை எடுத்துவிடாதீர்கள்.

அதே சமயம் அங்கே டவுன்வோட் இலவசமும் இல்லை. நாம் எழுதியதற்கு மற்றவர்கள் போடும் ஓட்டால் சேரும் புள்ளி 125 ஆன பிறகுதான் அந்த உரிமையே வரும். ஒரு பதிலுக்கு டவுன்வோட் போட்டால் எழுதியவருக்கு இரண்டு புள்ளி போகும், போட்டவருக்கும் ஒன்று போகும். கேள்விக்குப் போட்டால் மட்டும் போட்டவருக்கு நட்டமில்லை. நம் தளத்தில் இது எதுவுமே கிடையாது. நேற்றுச் சேர்ந்தவர்கூட இன்று மைனஸ் போடலாம். முதலில் இதைச் சரி செய்யுங்கள்.

காரணத்துக்கு நடுவழி ஒன்று உண்டு. 1997இல் வந்த ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தைப் பாருங்கள். அங்கே வாசகர் கருத்துகளை மதிப்பிடும் உரிமை சிலருக்குக் கொஞ்ச நாளைக்கு மட்டும் கிடைக்கும். கையில் உள்ள புள்ளிகளைச் செலவழிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். மதிப்பிடும்போது பட்டியலிலிருந்து ஒரு காரணச் சொல்லைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். யார் போட்டார் என்று வெளியே தெரியாது. அதற்கும் மேலே, அந்த மதிப்பீடு நியாயமா என்று வேறு உறுப்பினர்கள் பார்த்துச் சொல்லும் ஏற்பாடும் வைத்தார்கள். பட்டியலிலிருந்து காரணம், பேர் தெரியாமல், கேள்வி கேட்டவரின் கண்ணுக்கு மட்டும்: இது போதும்.

புதியவர்களுக்கு 2024இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஸ்டேஜிங் கிரவுண்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. புதியவரின் கேள்வி உடனே பொதுவில் வராது. அனுபவம் உள்ளவர்கள் பார்த்து, இதைச் சேர், அதை மாற்று என்று சொல்லித் திருத்தவைத்து, பிறகு வெளியிடுவார்கள். அந்தக் கட்டத்தில் ஓட்டே கிடையாது. நீங்க சொன்ன அரே கேள்வி அப்படி ஒரு இடத்துக்குப் போயிருந்தால் அந்தப் பெண் இன்னும் நம் தளத்தில் இருந்திருப்பாள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பதில் சொல்கிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, படத்திலிருக்கும் கோடை நானே திரும்ப டைப் பண்ணி ஓட்டிப் பார்க்கவேண்டும். நாளைக்கு இதே பிழை வந்து தேடுகிறவருக்கு, படத்துக்குள் இருக்கும் கோடு தேடலிலும் சிக்காது.

பதில்: உசிலம்பட்டி

நான் பாலிடெக்னிக்ல பாடம் எடுக்கிறேன். படம் ஏன் போடுறாங்கன்னு யாருமே கேக்கல, அதனால நான் சொல்றேன். எங்க லேப் கம்ப்யூட்டர்ல இன்டர்நெட் கிடையாது. பெரும்பாலான பிள்ளைங்க வீட்டுல லேப்டாப் கிடையாது. கோடு இருக்கிறது ஒரு மெஷின்ல, நம்ம தளம் இருக்கிறது கையில இருக்கிற ஃபோன்ல. ஃபோன்ல நெளி அடைப்புக்குறி போட ரெண்டு தடவை கீபோர்டை மாத்தணும். முப்பது வரி ஜாவாவை அப்படி அடிச்சுப் பாருங்க அண்ணே, அப்பத் தெரியும்.

அதனால படத்துக்குத் தடை போடுறதைவிட, படத்தோட வர்ற கேள்வியை அந்த ஸ்டேஜிங் மாதிரியான இடத்துக்கு அனுப்புங்க. "பிழை வந்த வரியையும் அதுக்கு மேல அஞ்சு வரியையும் மட்டும் டைப் பண்ணு, போதும்"னு பெட்டியிலயே எழுதிக் காட்டுங்க. அதைச் செய்வாங்க. ஃபோன் எடிட்டர்ல அடைப்புக்குறி, அரைப்புள்ளி, டேப் இதுக்கெல்லாம் ஒரு வரிசைப் பொத்தான் வையுங்க. பாதி மட்டுறுத்தல் வேலை அதுலயே குறையும்.

மூடுற காரணத்தோட வாசகத்தையும் மாத்தணும். "மறு உருவாக்கத்தக்க குறைந்தபட்ச எடுத்துக்காட்டு இல்லை"ன்னு வருது. இதைப் படிச்சிட்டு என் மாணவன் என்கிட்ட வந்து, இது என்ன மேடம்னு நிக்கிறான். "உன் கோடை நாங்க ஓட்டிப் பார்க்க முடியல, எந்த உள்ளீடு கொடுத்தேன்னும் சேர்த்து எழுது"ன்னு இருந்தா அவனே திருத்திருவான்.

இன்னொன்னு. இது டவுன்வோட்டைவிடப் பெருசு, அக்கா. பொம்பளைப் பிள்ளைங்க சொந்தப் பேர்ல கேள்வி போட்டா, பதில் கீழ வராது, தனிச்செய்தியில வருது. "உன் நம்பர் கொடு, ஃபோன்ல சொல்லித் தரேன்"னு. என் வகுப்புல ரெண்டு பிள்ளைங்க அதனாலயே இங்க வர்றதில்ல. தனிச்செய்திக்குக் கீழ புகார் பொத்தானே இல்ல. டிஸ்கோர்ஸ்ங்கிற மன்ற மென்பொருள்ல தனிச்செய்தியையும் ஃபிளாக் பண்ணலாம், அதாவது புகார் கொடுக்கலாம். யாரும் எனக்கு அனுப்பக்கூடாதுன்னு அமைப்புல நிறுத்தியும் வைக்கலாம். புதுசாச் சேர்ந்தவங்களுக்கு அனுப்புற உரிமையே முதல்ல கிடைக்காது. நீங்க எதை முதல்ல செய்வீங்கன்னு கேட்டா, இதைத்தான் முதல்ல செய்யச் சொல்வேன்.

பதில்: மேலூர் (மட்டுறுத்துநர்)

உசிலம்பட்டி மேடம் சொன்னதுக்கு நான் முழு ஆதரவு. தனிச்செய்திப் புகார் எங்க வரிசைக்கு வந்தா ராத்திரியே பார்த்திருவோம். இப்ப அது எங்க கண்ணுக்கே வர்றதில்ல.

மூடுறதைப் பத்தி உள்ள இருந்து சொல்றேன். நம்ம மென்பொருள்ல மூடுறதுக்கு வழி இருக்கு, திரும்பத் திறக்கத்தான் வழி இல்ல. ஒருத்தர் தன் கேள்வியை நல்லாத் திருத்தினாலும் எங்களுக்கு அறிவிப்பு வராது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோல, மூடின கேள்வியைத் திருத்தினா அது மறுதிறப்பு வரிசைக்குப் போகும், மத்தவங்க பார்ப்பாங்க. அங்க மூடுறதுக்கே மூணு ஓட்டு வேணும், முன்னாடி அஞ்சு இருந்துச்சு. ஒரு குறிச்சொல்லுல (ஜாவா மாதிரி, கேள்வியோட தலைப்பைக் காட்டுற சொல்) தங்கப் பதக்கம் வாங்கினவங்க மட்டும், அதுல வர்ற கேள்வியை டூப்ளிகேட்னு தனியா மூடலாம். இங்க நாங்க யார் வேணும்னாலும் ஒத்தை ஆளா மூடலாம். ஸ்பாமுக்கு அது வேணும். மத்த எல்லாத்துக்கும் ரெண்டாவது ஆள் ஒருத்தர் பார்க்கிற மாதிரி வையுங்க. டூப்ளிகேட்னு மூடினா, பழைய பதில்ல எந்தப் பகுதி பொருந்துதுன்னு தமிழ்ல ஒரு வரி எழுதுறதைக் கட்டாயமாக்கலாம். மட்டுறுத்துநர் பேர் ஏற்கெனவே வெளிய தெரியுது, அதனால அண்ணன் சொன்ன பழிவாங்கல் பயம் இதுல புதுசா வராது.

ஃபிளாக் போடுறவங்களுக்கும் ஒரு பதில் போகணும். இப்ப ஒருத்தர் ஃபிளாக் போட்டா, ஏத்துக்கிட்டோமா தள்ளினோமான்னு அவருக்குத் தெரியாது. நாலு தடவை அப்படி நடந்தா, ஸ்பாமைப் பார்த்தாலும் கடந்து போயிருவார். "பார்த்தோம், நீக்கிட்டோம்" இல்லன்னா "பார்த்தோம், இன்ன காரணத்தால விட்டிருக்கோம்"னு ஒரு செய்தி போனாப் போதும்.

ஆள் பற்றாக்குறையையும் சொல்லிடுறேன். ரெண்டாவது பார்வை, மறுதிறப்பு வரிசை, ஸ்டேஜிங், எல்லாம் ஒரே நாள்ல வந்தா இப்ப இருக்கிற நாங்க தாங்க மாட்டோம். செமஸ்டர் நேரத்துல வரிசை எப்படி நிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

கேள்வி கேட்டவர்: திருநகர்

எல்லாருக்கும் நன்றி. அண்ணா நகர் அண்ணன் சொன்னதுல, பேர் தெரியாம பட்டியல்ல இருந்து காரணம்கிறதை எடுத்துக்கிறேன். கட்டாயமா எழுதவைக்கிற யோசனையைக் கைவிடுறேன். டவுன்வோட்டுக்குப் புள்ளி வரம்பும் வரும். புதியவரோட முதல் கேள்விக்கு மட்டும் எண்ணை வெளிய காட்டாம வைக்கலாம்னு நினைக்கிறேன், அதுல யாருக்காவது ஆட்சேபம்னா சொல்லுங்க.

வரிசை மாறுது. தனிச்செய்திப் புகார் பொத்தானும், செய்தியை நிறுத்திவைக்கிற வசதியும் முதல்ல. இந்த வேலையை இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். அடுத்து மறுதிறப்பு அறிவிப்பு, அது சின்ன மாற்றம்தான். ஸ்டேஜிங்கை ஜாவா குறிச்சொல்லுக்கு மட்டும் முதல்ல வச்சுப் பார்ப்போம். மேலூர்த் தம்பி கவலைப்பட்ட மாதிரி சுமை ஏறுதான்னு அதுலயே தெரிஞ்சிரும்.

உசிலம்பட்டி மேடம், மூடுற காரணங்களோட வாசகம் மொத்தத்தையும் இங்க கீழ ஒட்டுறேன். உங்க மாணவர்கள் கையில கொடுத்து, புரியாத வரியை எல்லாம் அடிச்சு அனுப்பச் சொல்ல முடியுமா? அவங்க எழுதித் தர்றதையே போட்டுருவோம்.